இருபத்தைந்து கிலோ

1

பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் என் மனைவி ராஜிக்கு ஒரே பொய்யைச் சொல்லி வந்தேன். "கரவனுக்குக் குளிர்காலப் போர்வை போட்டிட்டு வாறன்." போர்வை போடப் பத்து நிமிடம் போதும். நான் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பி வருவேன். ராஜி ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதை என் கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கரவன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, மேசை, முகம் கழுவ ஒரு தொட்டி எல்லாம் உள்ளே உண்டு. ஜெர்மன்காரர் கோடை விடுமுறைக்கு நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, இதற்குள் நெருங்கிப் படுத்து, அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பழைய கரவன் ஒன்றை வாங்கியதை அறிந்து ஊரிலிருக்கும் மச்சான் தொலைபேசியில் கேட்டான்: "என்னடாப்பா, ஜெர்மனிக்குப் போயும் வண்டிலுக்கையோ படுக்கிறாய்?"

நான் சிரித்துச் சமாளித்தேன். உண்மையை அவனுக்குச் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் அதை விடுமுறைக்காக வாங்கவில்லை. ஓட வேண்டி வந்தால் ஏறுவதற்காக வாங்கினேன்.

கட்டிலுக்குக் கீழே ஒட்டுப்பலகையால் இரகசியமாக இன்னொரு தளம் அடித்தேன். அதற்குள் இருபது கிலோ அரிசி, தண்ணீர்க் கலன் இரண்டு, மீன் ரின்கள், மண்ணெண்ணெய் அடுப்பு, மழைக்குக் கட்டத் தறப்பாள், கயிறு, மருந்து, பத்திரங்களின் பிரதிகள் அடங்கிய இரும்புப் பெட்டி, மூன்று பேருக்கும் மாற்றுடுப்பு. யுத்தத்தில் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டது ஒரு ஐப்பசி மழையில். அதனால் ஐப்பசியில் அரிசியையும் தண்ணீரையும் மாற்றுவேன். மருந்தின் திகதி பார்ப்பேன். பிறகு பலகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பேன். அன்றைக்கு நல்ல நித்திரை வரும்.

இந்த வருஷமும் ஐப்பசி வந்தது. பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. அது எப்படி என்றுதான் எழுதுகிறேன்.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரபி. இருபத்திநான்கு வயது. நாங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருக்கிறோம், அவள் தூரத்தில் கார்ல்ஸ்ரூஹேயில் இயந்திரப் பொறியியல் படித்தாள். முதல் வருஷம் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தாள். பிறகு ராஜி எடுத்தால் பதில் சொன்னாள். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் கதைக்கக் கதை இல்லாமல் போய்விட்டது. "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு எத்தனை வருஷம்தான் ஒரு பிள்ளை பதில் சொல்லும்?

மாசி மாதத்தில் ஒருநாள் அவளாகவே எடுத்தாள்.

"அப்பா, கரவன் இருக்குத்தானே?"

"இருக்கு. ஏன்?"

"கோடைக்கு அல்பேனியா மலைக்குக் கொண்டுபோவம். நீங்கள், அம்மா, நான். மூண்டு கிழமை, இருபத்தொரு நாள். ஆனா அங்கை றோட்டெல்லாம் கல்லு. உந்தக் கரவன் இப்ப இருக்கிற மாதிரி போனா அடி வயிறு கிழிஞ்சிடும். மாத்த வேணும்."

"மாத்த ஏலாட்டி?"

"ஏலாட்டி நான் ஃப்றெண்ட்ஸோடை டென்ட் கொண்டு போறன். பிறகு ஒக்டோபர்ல எர்லாங்கன்ல வேலை துவங்குது. லீவு கிடைக்காது."

விஷயம் அவ்வளவுதான். கரவன் சரிவந்தால் பிள்ளை மூன்று கிழமை எங்களோடு. சரிவராவிட்டால் இல்லை. வேலைக்குப் போன பிள்ளைக்குப் பிறகு வேறொரு வீடு வரும், வேறு ஆட்கள் வருவார்கள். எனக்கு இது கடைசிச் சந்தர்ப்பம் போலத்தான் பட்டது. "மாத்துவம்," என்றேன். கட்டிலுக்குக் கீழே இருப்பது அப்போது நினைவுக்கு வரவேயில்லை.

3

இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினாள். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் முற்றத்தை இப்போது வாகனம் நிறுத்த வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் கரவன் அங்கேதான் நிற்கிறது. நானும் அவளும் அதன் கீழே மல்லாந்து படுத்து வேலை செய்தோம். ராஜி சாப்பாட்டுப் பார்சலோடு வந்து, "இரண்டு பேரும் வெளியாலை வாங்கோ, புட்டு ஆறுது," என்று சில்லைத் தட்டுவாள்.

வேலை இதுதான். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரும்புத் துண்டு வைத்துக் கரவனை ஐந்து சென்றிமீற்றர் உயர்த்த வேண்டும். பெரிய, முரட்டு ரயர் போட வேண்டும். குலுக்கத்தைத் தாங்கப் புதிய அதிர்ச்சித் தாங்கிகள் வேண்டும். தண்ணீர்க் குழாய்களைக் கல் அடிக்காமல் கீழே ஒரு தகடு வேண்டும். உள்ளே அலுமாரிக் கதவுகள் பறந்து திறக்காமல் கொழுக்கிகள் வேண்டும்.

நான் இருபது வருஷமாக இரும்பு ஒட்டுகிற வெல்டிங் வேலை செய்கிறவன். சட்டத்தில் இரண்டு இடத்தில் ஒட்டினால் விஷயம் முடிந்தது என்றேன்.

"ஒட்டக் கூடாது அப்பா."

"ஏன்? என்ரை ஒட்டு விடாது."

"உங்கட ஒட்டு விடாது எண்டு எனக்குத் தெரியும். வாகனம் பரிசோதிக்கிற ஆளுக்கு ஒரு பேப்பர் வேணும். உங்கட ஒட்டுக்குப் பேப்பர் இல்லை."

கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. இந்த நாட்டில் எனக்கே பேப்பர் கிடைக்க ஏழு வருஷம் எடுத்தது, என் ஒட்டுக்கு எங்கே போவது? ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கரவனின் வகை எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் தெர்மின், அதாவது வரச்சொல்லி ஒரு நேரம், எடுத்து, பரிசோதகர் பார்த்து, வாகனப் பத்திரத்தில் பதிய வேண்டும். அந்த மனிதர் நல்லவர். ஆனால் நான் ஜெர்மன் கதைக்கத் தொடங்கியதும் அவர் முகத்தை ஆரபி பக்கம் திருப்பிவிட்டார். ஒன்பது வயதில் எனக்காக அலுவலகங்களில் மொழிபெயர்த்த பிள்ளை அவள். கதிரையில் கால் நிலத்தில் முட்டாமல் இருந்து, நான் சொன்னதை அப்படியே நம்பி, ஒரு சொல் விடாமல் சொல்லுவாள்.

பரிசோதகர் கடைசியாக ஒன்று கேட்டார். இவ்வளவு பாரமான சாமான் பூட்டியிருப்பதால், வெறும் கரவனைத் தராசில் நிறுத்து, நிறை எழுதிய ஒரு துண்டு கொண்டுவர வேண்டும். சாமானோடு சேர்த்து ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் ஒரு கிலோவும் சட்டத்தில் இல்லை.

ஆரபி கணினியில் அட்டவணை போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு ஆணிக்கும் நிறை இருந்தது. "வெறுமையா ஆயிரத்துத் தொண்ணூறு வரும் அப்பா. எங்களுக்கு இருநூற்றுப் பத்து மிச்சம். நல்லாக் காணும்."

கட்டிலுக்குக் கீழே இருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

4

ஒரு கிழமைக்குள் சாமானை இறக்கியிருக்கலாம். நான் இறக்கவில்லை. இரண்டு தரம் பூட்டின் திறப்போடு போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்தப் பலகைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஒருநாள் இரவு படுக்க எனக்குத் துணிவு வரவில்லை. எழுபது கிலோதானே, ஆயிரம் கிலோவுக்குள் யாருக்குத் தெரியப் போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். படிக்காதவனின் கணக்கு அது.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஒரு மணல், சல்லி விற்கும் முற்றத்துக்குப் போனோம். லொறிகளை நிறுக்கும் தராசு அங்கே நிலத்தோடு நிலமாக இருக்கிறது. கரவனை மேலே ஏற்றிக் காரைக் கழற்றினோம். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் சத்தமாகச் சொன்னார்: ஆயிரத்து இருநூற்று இருபத்தெட்டு.

ஆரபி அட்டவணையைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். "காஸ் சிலிண்டர் கழட்டியாச்சு. தண்ணித் தொட்டி வெறுமை. அப்பா, உள்ளுக்கை ஏதும் இருக்கா?"

"இல்லைப் பிள்ளை."

"அம்மா?"

"எனக்கென்னண்டு தெரியும்?" என்று ராஜி சல்லிக் குவியலைப் பார்த்தாள்.

நூற்று முப்பத்தெட்டு கிலோ கூட. மிச்சம் எழுபத்திரண்டு. மூன்று கிழமைக்கு மூன்று பேரின் சாப்பாடும் உடுப்பும் அதற்குள் அடங்காது. ஆரபி கணினியை மூடிக்கொண்டு சல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினாள். முகம் சின்னப் பிள்ளையுடையது போல ஆகிவிட்டது.

"நான் எங்கையோ பிழையாக் கணக்குப் பாத்திட்டன் போல. சொறி அப்பா. உங்களை இவ்வளவு வேலை செய்ய வைச்சிட்டன். போக ஏலாது."

என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவேயில்லை. கதிரையில் இருந்து நான் சொன்னதையெல்லாம் மொழிபெயர்த்த அதே பிள்ளை. தன் படிப்பைச் சந்தேகித்தாள், என் சொல்லைச் சந்தேகிக்கவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அந்தச் சல்லி முற்றத்தில்தான் எனக்கு விளங்கியது.

"உன்ரை கணக்குச் சரி," என்றேன். கரவனுக்குள் ஏறிப் பலகையைக் கழற்றினேன்.

அரிசி வந்தது. தண்ணீர் வந்தது. ரின்கள், அடுப்பு, தறப்பாள், பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாகச் சல்லியில் அடுக்கினேன். கூண்டுக்குள் இருந்தவர் திரும்ப நிறுத்தார். ஆயிரத்து நூற்று ஐம்பத்தெட்டு.

"இன்னும் அறுபத்தெட்டு," என்றாள் ஆரபி.

"என்ரை சாமான் அவ்வளவுதான். சத்தியமா."

இரண்டு பேரும் ராஜியைப் பார்த்தோம். அவள் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கரவனுக்குள் ஏறினாள். பழைய கணப்பு இருந்த வெற்றிடத்தின் மூடியைத் திறந்து, கையால் சுற்றும் ஒரு தையல் மெஷினைத் தூக்கி என் கையில் தந்தாள். பிறகு பருப்பு, சீனி, பால்மா, மிளகாய்த்தூள். பிறகு சட்டிகள். பிறகு இருக்கைக் குஷன்களின் தையலைப் பிரித்துப் போர்வைகள். ஒவ்வொரு சித்திரையிலும், "குஷன் உறை தோய்க்கப் போறன்," என்று அவள் அங்கே போவது நினைவுக்கு வந்தது. நானும் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

"இதென்னத்துக்கப்பா தையல் மெஷின்?" என்று கேட்டேன்.

"ஊரைவிட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு என்ரை அம்மான்ரை மெஷின் வீட்டிலை நிண்டிட்டுது. பள்ளிக்கூடத்திலை அகதியா இருந்த ஆறு மாசமும், அது மட்டும் இருந்திருந்தா நாங்கள் ஒருத்தரிட்டையும் கை நீட்டியிருக்க மாட்டம்."

எங்கள் கலியாணம் இந்த நாட்டில்தான் நடந்தது. அவள் ஓடிய பாதை வேறு, நான் ஓடிய பாதை வேறு. இருபத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே கரவனுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாக மூட்டை கட்டியிருக்கிறோம்.

மூன்றாம் தரம் ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. "அந்த ரெண்டு கிலோவுக்கு மன்னிப்பு," என்றாள் ஆரபி. ஆனால் அவள் சிரிக்கவில்லை. என் மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்புப் பூப்போட்ட கம்பளிச் சட்டை, ஏழு வயதுப் பிள்ளைக்கானது. பக்கத்தில் அதே அளவில் காற்சட்டை, காலுறை.

"இது ஆருக்கு?"

"உனக்குத்தான்."

"அப்பா, எனக்கு இருபத்திநாலு வயசு."

ஒவ்வொரு ஐப்பசியும் அரிசி மாற்றினேன், மருந்து மாற்றினேன். கரவனை வாங்கியபோதே அவளுக்குச் சின்னதாகிவிட்ட அந்தச் சட்டையை மட்டும் மாற்றவில்லை. என் கணக்கில் நாங்கள் ஓடும்போது அவள் எப்போதும் ஏழு வயதாகவே எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஆரிட்டையிருந்து ஓடப் போறியள்?" என்று அவள் ஜெர்மனில் கேட்டாள். உணர்ச்சி வந்தால் அவளுக்கு அந்த மொழிதான் வரும்.

5

அன்று வீட்டுக்கு வந்து மேசையில் இருந்து அவளுக்குச் சொன்னேன். முன்பு சொல்லாதது.

ஊரைவிட்டு வெளிக்கிட எங்களுக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். அம்மா, ஒன்பது வயதுத் தங்கச்சி, நான். ஒரு சைக்கிள். வீட்டுக்கு நானே ஆண்பிள்ளை என்ற பெருமையில், என்ன கட்டுவது என்று நானே முடிவெடுத்தேன். மின்சாரம் இல்லாத ஊரில் ரேடியோச் செய்தி கேட்பதற்கென்று வைத்திருந்த கார் பட்டறியைக் கரியரில் ஏற்றினேன். செய்தி தெரியாமல் எந்தப் பக்கம் போவது என்று நினைத்தேன். உடுப்புப் பையை வைக்க இடம் இருக்கவில்லை. நாலு நாளில் திரும்பி வருவோம்தானே என்று திண்ணமாகச் சொன்னேன்.

ஊருக்கு வெளியே போகிற பாலத்தில் சனம் நகரவில்லை. மழை விடவில்லை. பட்டறியின் பாரத்தில் சைக்கிள் சரிந்து சரிந்து விழுந்தது. பாலம் முடிகிற இடத்தில் அதைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிந்தேன். தங்கச்சிக்கு மாற்ற உடுப்பு இல்லை. ஈரச் சட்டையோடு இரண்டு நாள் நடுங்கினாள். பிறகு காய்ச்சல். யாரோ ஒரு மனுசி தன் பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தந்தாள்.

"அத்தைக்கோ?" என்றாள் ஆரபி. அவளுக்கு அத்தை என்றால் கனடாவில் இருந்து சிரிக்கச் சிரிக்கக் கதைக்கிறவள்.

"அவளுக்கு ஒண்டும் ஞாபகமில்லை. எனக்குத்தான் அந்த நடுக்கம் விடேல்லை. ஒருத்தரிட்டையிருந்தும் ஓடேல்லைப் பிள்ளை. திரும்ப ஒருக்கா வந்தா, பிழையானதைக் கட்டக் கூடாது. அவ்வளவுதான்."

ஆரபி பிறகு கணினியைத் திறந்து அட்டவணையில் புதிய வரி ஒன்று சேர்த்து எங்கள் பக்கம் திருப்பினாள். அம்மா அப்பா, இருபத்தைந்து கிலோ.

"இதுக்குள்ளை என்ன வேணுமெண்டாலும் வையுங்கோ. நான் கேக்கவும் மாட்டன், பாக்கவும் மாட்டன். ஆனா இருபத்தைஞ்சு. இருபத்தாறு இல்லை."

அந்தச் சிவப்புச் சட்டையை மட்டும் தான் வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போனாள்.

6

இருபத்தைந்து கிலோவுக்காக நானும் ராஜியும் இரண்டு கிழமை சண்டை பிடித்தோம். கலியாணம் கட்டிய பிறகு இவ்வளவு மனம்விட்டு நாங்கள் கதைத்ததில்லை. மெஷின் மட்டும் பதினொரு கிலோ. அது இல்லாமல் வரமாட்டேன் என்றாள். தண்ணீரை நான் விட்டேன், மலையில் தண்ணீர் இருக்கும். பருப்பை அவள் விட்டாள். அரிசி ஐந்து கிலோவாகியது. எல்லாவற்றையும் பெரியதொரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் குளியலறைத் தராசில் நிறுத்தேன். இருபத்திமூன்று.

வெளிக்கிடுகிற நாள் ஆரபி தன் தராசில் பெட்டியை வைத்தாள். "சரியா இருபத்தைஞ்சு."

"இருபத்திமூண்டெல்லோ?"

"உங்கட குளியலறைத் தராசு பொய் சொல்லும் அப்பா. அம்மாவுக்காகக் குறைச்சுக் காட்டும்."

ராஜி முறைத்தாள். நான் நம்பிவிட்டேன்.

அல்பேனிய எல்லையில் வெயில் கொளுத்தியது. மூன்று ஜெர்மன் கடவுச்சீட்டுகளை நீட்டினேன். சீருடையில் ஒருவர் துவக்கோடு நின்றால் இன்றைக்கும் என் உள்ளங்கை வியர்க்கும், கடவுச்சீட்டின் நிறம் அதற்குத் தெரியாது. சுங்க அதிகாரி கரவனைச் சுட்டித் திறக்கச் சொன்னார். ஏறிப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியைக் காலால் தட்டினார்.

திறப்பை எடுத்தேன். தையல் மெஷினுக்கும் தறப்பாளுக்கும் என்ன விளக்கம் சொல்வது என்று ஜெர்மனில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்தது ஒரு ஜீன்ஸ். அதோடு ஒரு கம்பளி மேற்சட்டை, மழைக்கோட்டு, தடித்த காலுறை ஒரு சோடி. என்னுடையவை அல்ல. ராஜியுடையவையும் அல்ல.

அதிகாரி மேற்சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். போகலாம் என்று கையைக் காட்டினார். நான் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடியே இருந்தேன். "என்னப்பா, நெஞ்சுக்கு ஏதும் செய்யுதோ?" என்று ராஜி ஓடி வந்தாள். நான் பெட்டியைக் காட்டினேன். அவளும் பார்த்தாள். பிறகு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆரபி வெளியே காரில் சாய்ந்துகொண்டு, மலையைப் படம் எடுப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று அவளும் சொல்லியிருந்தாளே.

அன்று பின்னேரம் கல் றோட்டில் ஏறினோம். முதல் கல் கீழே இருந்த தகட்டில் 'டங்' என்று அடித்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். தகடு தாங்கியது. அடுத்த கல்லுக்கும் தாங்கியது. பத்தாவது கல்லுக்குப் பிறகு ராஜி பின் ஆசனத்தில் குறட்டை விடத் தொடங்கினாள்.

7

அவள் இப்போது எர்லாங்கனில் வேலைக்குச் சைக்கிளில் போகிறாள். இந்த ஐப்பசியில் நானும் ராஜியும் சேர்ந்தே சுரங்க முற்றத்துக்குப் போனோம். அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். நான் அரிசியை மாற்றினேன். மருந்தின் திகதி பார்த்தேன். பெட்டியைப் பூட்டப் போனவன், பூட்டாமல் கைத்தொலைபேசியை எடுத்தேன்.

"பிள்ளை, உன்ரை ஜீன்ஸ் அளவு இப்பவும் அதுதானே?"

மறுமுனையில் வேலையிடத்தில் யாரோ ஜெர்மனில் கதைப்பது கேட்டது.

"ஓம் அப்பா, அதுதான். ஆனா உது கோடைக்கு வைச்சது. ஐப்பசிக்குக் குளிரும். தடிச்சது ஒண்டு அனுப்பிவிடுறன், மாத்தி வையுங்கோ."

"நிறை கூடுமெல்லோ?"

"அப்ப அரிசியைக் குறையுங்கோ."

ஒரு கிலோ அரிசியை எடுத்து வெளியே வைத்தேன்.